மரவள்ளி மாவு

சோளக்காட்டு ஜிம்மில் கை வழுக்காமலிருக்க எல்லோரும் மரவள்ளி மாவுதான் பூசிக்கொள்வார்கள். அன்று பெஞ்சில் படுத்த மாதேஸ்வரன், “புடிச்சுக்குவியல்ல மாப்ள?” என்றான்.

எடைக் கம்பி நழுவினால் பிடிக்கத் தலைமாட்டில் நின்ற பிரேம், “வெடியாட்டம் தள்ளுடா, நா இருக்கறனல்லோ” என்றான், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

கம்பி மாதேஸ்வரனின் கழுத்தில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு மலை இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது. கை வழுக்கியதற்கு ஊர் மாவைத்தான் பழித்தது. பிரேமும் ஆமென்று தலையாட்டினான். ஜிம்காரர் மாவு டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டார்.

காரியம் முடிந்தபின் பிரேம் தனியாக வந்து அதே பெஞ்சில் படுத்தான். மார்பைத் தொட்ட கம்பியை ஓங்கித் தள்ளினான். பாதியில் கை ஓய்ந்தது. கம்பி கழுத்தை நோக்கி இறங்கியது. ஆகட்டுமென்று கண்ணை மூடிக்கொண்டான்.

கம்பி மெல்ல மேலேறித் தன்னிடத்தில் உட்கார்ந்தது. கண்ணைத் திறக்க அவனுக்குத் துணிவில்லை. நெற்றியில் மாவு உதிர்ந்துகொண்டிருந்தது.