திரும்பி வந்த வலப்பக்கம்

தையல்கார அக்கா தன் கல்லீரலின் வலப்பக்கத்தை அறுத்துத் தம்பிக்குக் கொடுத்தபோது தெருவே அவளைக் கும்பிட்டது. புதுக் கல்லீரலை வைத்துக்கொண்டு அவன் மறுபடியும் குடித்தபோது அதே தெரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. போன மாதம் அவன் செத்தான். அக்காதான் கூட நின்று எரித்துவிட்டு வந்தாள்.

கல்லீரல் கொடுத்தவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா இன்று அவளை ஸ்கேனுக்குக் கூப்பிட்டிருந்தார். திரையைப் பார்த்தவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு எப்பம்மா பித்தக்குழாய்ல டியூப் வெச்சாங்க?"

"எனக்கு எதுக்கு டியூப்? தம்பிக்குத்தானே வெச்சாங்க!"

அறுபட்ட கல்லீரல் மிச்சத்திலிருந்து பருக்கும். ஆனால் போன பக்கம் போனதுதான். இவளுக்கோ தம்பிக்குக் கொடுத்த அந்த வலப்பக்கமே திரும்பி வந்திருந்தது. கத்தியே படாததுபோல ஒட்டியிருந்தது. உள்ளே தம்பிக்கு வைத்த டியூப் இருந்தது. அந்தப் பக்கம் முழுக்கக் கரடுதட்டிச் சுருங்கியிருந்தது. இடப்பக்கமும் இறுகத் தொடங்கியிருந்தது.

"குடிச்சது அவன்தானே டாக்டரம்மா?"

டாக்டரம்மா திரையை அணைத்தார். மாற்றுக் கல்லீரல் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார்.

"கொடுக்கிறதுக்கு, கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களாம்மா?"

"ஒரே ஒரு தம்பி இருந்தான்," என்றாள் அக்கா.