வெறும் ரெண்டு எலக்ட்ரான் வோல்ட்

"இந்தச் சிவப்பு விளக்கோட ஃபோட்டான் முட்டிக்குள்ள பாஞ்சு வலியை விரட்டிடும்!" என்றார் வியாபாரி. குடியிருப்பே வாய் பிளந்து கேட்டது.

முன்வரிசைக் கண்ணாடிக்காரர் எழுந்தார். "அலைநீளம் என்ன?"

"அறுநூத்தி இருபது நானோமீட்டர் சார்."

"ஆயிரத்து இருநூத்தி நாப்பதை அதால வகுத்தா ஃபோட்டானோட சக்தி. வெறும் ரெண்டு எலக்ட்ரான் வோல்ட்! என் டார்ச் லைட்லயே இருக்கு. யார் காதுல பூ சுத்தறே?"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. வியாபாரி மூட்டை கட்டினார்.

கண்ணாடிக்காரர் பையிலிருந்து ஊதா விளக்கை எடுத்தார். "இது நானூறு நானோமீட்டர். நீங்களே வகுத்துப் பாருங்க."

முட்டிவலிக்கார அம்மாள் கைப்பேசியில் வகுத்தார். "மூணு புள்ளி ஒண்ணு! கணக்கே சொல்லுதே! ரெண்டு முட்டிக்கும் ரெண்டு குடுங்க!"

தெருமுனையில் வியாபாரி வேனோடு காத்திருந்தார். "எத்தனை போச்சு மச்சான்?"

"நாப்பது. நாளைக்கு நீ கணக்குப் போடு, நான் திட்டு வாங்கறேன்."