கல்லைக் காத்த சிமெண்ட்

பழைய மாதா கோயிலின் வெளிச்சுவரில் ஒரு கல்லும், அதன்மேல் பூசிய சிமெண்டும் முப்பது வருஷமாகச் சேர்ந்திருந்தன.

“உடம்பெல்லாம் ஈரம். மூச்சு முட்டுது. கொஞ்சம் காத்து விடேன்” என்று கல் அடிக்கடி கெஞ்சும்.

“வெளியே மழை, வெயில். உனக்கு ஒண்ணும் தெரியாது. நான் இல்லேன்னா நீ என்னைக்கோ விழுந்திருப்பே” என்று சிமெண்ட் இன்னும் இறுக்கிக்கொள்ளும்.

கேட்டுக் கேட்டுக் கல்லும் அதை நம்பிவிட்டது.

கோயிலைச் சீரமைக்க வந்த சவரிமுத்து மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்தார். “எந்தப் புண்ணியவான் கல்லு மேல சிமெண்ட அப்புனான்? தண்ணி வெளிய வர வழியில்லாம உள்ளயே ஊறிக் கெடக்குது” என்று உளியை எடுத்தார்.

“ஐயோ, நான் விழுந்திடுவேன்!” என்று கல் அலறியது.

நாலே அடியில் சிமெண்ட் பெயர்ந்து விழுந்தது. கல் விழவில்லை. முந்நூறு வருஷமாக நின்ற இடத்திலேயே நின்றது. மேஸ்திரி இடுக்குகளில் மட்டும் சுண்ணாம்புக் காரையை வைத்தார்.

“என்னை இறுக்கிப் பிடிக்க மாட்டியா?” என்று கல் அதனிடம் கேட்டது.

“நீதான் நிக்கிறியே” என்றது சுண்ணாம்பு.

சாயங்காலக் காற்றில் கல் மெல்ல உலர ஆரம்பித்தது.

கீழே குப்பையில் கிடந்த சிமெண்டின் முதுகில், கல்லின் தோல் ஒரு விரல் கனத்துக்கு உரிந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் கிடந்த ஓட்டுத் துண்டிடம் சிமெண்ட் அதைப் பெருமையாகக் காட்டியது.

“பாத்தியா? என்னைப் பிரிய மனசில்லாம கூடவே வந்திருச்சு.”