குறை சொல்லாத நாக்கு

“கோகெய்ன் எடுத்திருக்கார்” என்றார் டாக்டரம்மா.

மாமியாருக்கு அது என்ன பதார்த்தம் என்றே புரியவில்லை. போதைத்தூள் என்று மருமகள் காதோரம் சொன்னதும், அவசர சிகிச்சைப் பிரிவின் இரும்பு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

மருமகளுக்கும் தலையில் இடி விழுந்த மாதிரிதான் இருந்தது. சிகரெட்கூடத் தொடாத கணவர். பெரிய ஹோட்டலில் தலைமைச் சமையல்காரர். புகை பிடித்தால் நாக்கு செத்துவிடும் என்று தனக்குக் கீழே இருப்பவர்களைத் திட்டுகிறவர்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. காய்ச்சல் அனலாக அடித்தது. கால்கள் மரக்கட்டையாக விறைத்திருந்தன.

அந்த நாக்குக்குப் பயந்தே அவள் குடித்தனம் நடத்தினாள். ஒரு கல் உப்பு கூடினால் தட்டு பறக்கும். ஹோட்டல் கோபமெல்லாம் கடைசியில் அவள் தலையில்தான் விடியும். டாக்டரைப் பார்க்கலாம் என்றால், எனக்கென்ன பைத்தியமா என்று எகிறுவார்.

நாலைந்து மாதமாகத்தான் மனிதர் பசுவாகிவிட்டார். போட்டதைச் சாப்பிட்டுவிட்டு வாய் திறக்காமல் எழுந்து போவார். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று மாமியார் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்.

“இந்தத் தூள் மட்டும்னா இவ்வளவு விறைக்காது. மனச்சோர்வுக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா? ரெண்டும் சேர்ந்தா உயிருக்கே ஆபத்து. மறைக்காம சொல்லுங்க, அதைப் பொறுத்துதான் வைத்தியம்” என்றார் டாக்டரம்மா.

மாமியார் முந்திக்கொண்டார். தன் பிள்ளை தலைவலி மாத்திரைகூட விழுங்கியதில்லை என்றார். அந்த மாதிரி வியாதியெல்லாம் தங்கள் குடும்பத்திலேயே கிடையாதாம்.

டாக்டரம்மா திரும்பி நடந்தார்.

“சாப்பிடறார்” என்றாள் மருமகள். “அவருக்கே தெரியாது. என்னோட மாத்திரை. பொடி பண்ணி காபில கலந்து குடுத்தேன்.”

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். இவள் அப்படியொரு மாத்திரை சாப்பிடுவதே அவருக்கு இப்போதுதான் தெரியும். வெட்கப்பட அவளுக்கு நேரமில்லை. தன்னைத் தேற்றியது கணவரையும் தேற்றட்டும் என்றுதான் தினமும் பாதி மாத்திரையை அவருக்கு ஒதுக்கினாள்.

டாக்டரம்மா உள்ளே நர்ஸுக்கு அவசரமாக ஏதோ உத்தரவு போட்டார். பிறகு நம்ப முடியாமல் கேட்டார்: அந்தக் கசப்பு ஒரு சமையல்காரருக்கா தெரியாமல் போனது?

பதிலையும் அவரே சொன்னார். தூள் உறிஞ்சி உறிஞ்சி மூக்குக்குள் முழுக்கப் புண். வாசனை போய் மாதக்கணக்காகியிருக்கும். நாக்கும் மரத்திருக்கும்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் மனிதர் மாறவே இல்லை. ருசி தெரியவில்லை, அதனால் குறை சொல்லவில்லை. அவ்வளவுதான்.

டாக்டரம்மா உள்ளே போக, மூடப்போன கதவை ஓடிப்போய்ப் பிடித்தாள்.

“டாக்டர், போன வாரத்திலேர்ந்து பாதி இல்ல. நல்லா வேலை செய்யுதேன்னு முழுசாப் போட்டுட்டேன்.”