பேசும் பட்டை

அழைப்புமணி அலறியது. ஆராய்ச்சி மையத்து ஊழியர் வாசலில் நின்றார்.

"ஆராய்ச்சிக்கு அரசு குடுத்த நிதி நின்னுபோச்சும்மா. பட்டையைக் கழட்டணும்."

சக்கர நாற்காலியில் இருந்த மகனைச் செண்பகவல்லி மறைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருடமாகப் பேச்சே வராத பரிதி, கழுத்தில் அந்தப் பட்டையைக் கட்டிய நான்கு மாதமாகத்தான் பேசுகிறான்.

"மத்த வீட்டுக்கெல்லாம் போயிட்டு வாங்க சார், கும்பிடுறேன்!"

"இதுதாம்மா கடைசி வீடு."

ஊழியர் தலைகுனிந்தபடியே பட்டையின் கொக்கியில் கைவைத்தார். செண்பகவல்லி மகனின் முகத்தை இரு கைகளாலும் பற்றினாள்.

"கண்ணு, இனிமே இடுப்பு வலிச்சா அம்மாவுக்கு எப்படிடா சொல்லுவே?"

பட்டை வழியே அவன் குரல் வந்தது.

"சின்ன வயசுலேர்ந்து அழுத மாதிரிதான் அழுவேன்மா. இனிமேயாவது பசின்னு நெனச்சு சோறு ஊட்டாத."