அடுப்புக்குப் போன பூமரம்

அடுத்த வீட்டு வாத்தியார் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவர் வாசலில் அழகுக்காக நின்ற பூமரத்தை வெட்டி ரொட்டி அடுப்புக்கு விறகாக்கிவிட்டார் பேக்கரிக்காரர்.

"அவர் வந்து கேட்டா என்ன சொல்வீங்க?" என்றாள் மனைவி.

"காத்துல சாஞ்சிடுச்சும்பேன்."

சொல்லி வாய் மூடவில்லை, வாத்தியாரே உள்ளே வந்தார். கட்டைகளை உற்றுப் பார்த்தார்.

"இது எங்க வீட்டு மரம்தானே, அண்ணே?"

பேக்கரிக்காரர் காற்றுக் கதையை விட்டுவிட்டுக் கையைக் கூப்பினார்.

"மன்னிச்சிடுங்க சார். விறகு கிடைக்கல. புத்திகெட்டுப் போய் வெட்டிட்டேன்."

வாத்தியார் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மாமியார் ஆசையா வெச்ச மரம். உதிர்ற பூவைக் கூட்டிக் கூட்டியே என் இடுப்பு போச்சு. வெட்டலாம்னு வாயெடுத்தாலே வீட்ல சண்டை. பின்பக்கம் இன்னும் ரெண்டு நிக்குது. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வெளியே கூட்டிட்டுப் போயிடறேன். கோடாலியை நல்லா தீட்டி வைங்க!"