ஞாயிற்றுக்கிழமை இஞ்சின்

"ஏம்புள்ள, அடுப்ப அணை! டீசல் இஞ்சினப் பிரிக்கறப்ப ஊட்டுல ஒரு பொறி இருக்கப்படாது."

வேலாத்தாள் உலையில் போடவிருந்த அரிசியைத் திரும்ப அரிசிப்பானையில் கொட்டினாள். "அப்பச் சோறுங்க?"

"உசுரு பெருசா, சோறு பெருசா? கிளப்புக்கடைல இட்லி வடை வாங்கிக்கலாம்."

மீனாட்சிபுரத்தில் அவள் புருஷன் ராக்கியப்பனைப் போல நெருப்புக்குப் பயந்தவர் கிடையாது. பீடிக்கட்டைக்கூட வேலிக்கு வெளியே வீசிவிட்டுத்தான் கிணற்றடி இஞ்சினில் கைவைத்தார். டீசல் குழாயில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றி, லூசாகிக் கிடந்த நட்டை இறுக்கி, கைப்பிடியைச் சுழற்றியதும் இஞ்சின் டபடபவென்று ஓடியது.

"வாரமெல்லாம் நல்லாத்தான் ஓடுது. ஞாயித்துக்கிழமையானா மட்டும் நட்டு லூசாயிப்போவுது. என்ன மாயமோ!"

"உங்க கைக்கு அடங்கிருச்சில்லீங்க, உடுங்க" என்று வேலாத்தாள் இரண்டாவது வடையைக் கடித்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரை, அவர் எட்டிப்பார்க்காத ஒரே இடமான அடுப்படியில், புளிப்பானைக்குள் ஒளித்துவைத்தாள்.